ரெட்ஹேவன் பீச்: சிவப்பைப் பார்த்துப் பறிக்காதீர்கள்

பீச் மரம் ஒன்றே ஒன்று வைக்கத்தான் இடமிருக்கிறது, எந்த ரகம் வைக்கலாம் என்று கேட்டால், குளிர்காலம் ஒழுங்காக வருகிற ஊர்களில் நர்சரிக்காரர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் ரெட்ஹேவன். 1940இல் வெளியான ரகம். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ரகங்கள் வந்தும் இதை ஓரங்கட்ட முடியவில்லை. மற்ற ரகங்கள் பழுக்கும் நாளைக்கூட ‘ரெட்ஹேவனுக்குப் பத்து நாள் முன்’, ‘ரெட்ஹேவனுக்கு இருபது நாள் பின்’ என்றுதான் பட்டியல்களில் போடுகிறார்கள். படியளக்கும் படியாகவே ஆகிவிட்ட பழம் இது.

அந்தப் பெயருக்கு இது தகுதியானதுதானா? தகுதியானதுதான். சுவை, காய்ப்பு, குளிர் தாங்கும் உறுதி, நோய் எதிர்ப்பு என்று எதை எடுத்தாலும் முதலிடம் இதற்கில்லை. ஆனால் எதிலும் கடைசிக்குப் போகாது. எல்லாப் பாடத்திலும் எண்பது மதிப்பெண் வாங்கும் பிள்ளை. குறை என்று சொல்ல இரண்டு உண்டு. தாங்க முடியாத அளவுக்குப் பிஞ்சு பிடிக்கும். முற்றுவதற்கு முன்பே சிவந்துவிடும். ‘ரெட்ஹேவன் சப்பென்று இருந்தது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும். முதலாவதற்கு விரல் வேண்டும், இரண்டாவதற்குக் கண் வேண்டும். மரத்தைக் குற்றம் சொல்ல அதிகம் இல்லை.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் சவுத் ஹேவன் என்று ஓர் ஊர். பீச்சுக்குக் கொஞ்சம் அதிகமாகவே குளிர்கிற வடக்குப் பிரதேசம்தான். ஆனால் அந்தப் பெரிய ஏரி குளிர்காலத்தில் காற்றின் கடுமையைக் குறைக்கிறது. வசந்தத்தில் மெதுவாகச் சூடேறி, மரம் அவசரப்பட்டுப் பூத்து உறைபனியில் மாட்டிக்கொள்ளாமல் தள்ளிப்போடுகிறது. அந்தக் கரையோரத்தில் பழத்தோட்டங்கள் வரிசையாக இருப்பதற்கு ஏரிதான் காரணம். அங்கிருந்த மாநில விவசாயக் கல்லூரியின் ஆய்வுப் பண்ணையில் ஸ்டான்லி ஜான்ஸ்டன் 1930இல் ஒரு கலப்பு செய்தார்: ஹேல்ஹேவன் ஒரு பக்கம், கல்ஹேவன் மறுபக்கம். பத்து ஆண்டு கழித்து அதில் தேறியது ரெட்ஹேவன். பெயரின் பின்பாதி ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அந்தப் பண்ணை தந்த மற்ற ரகங்கள் பலவற்றுக்கும் அதே வால்தான்.

வம்சத்தைச் சற்றுக் கிளறினால் சுவையான சங்கதி கிடைக்கும். ஹேல்ஹேவனும் கல்ஹேவனும் ஒரே தாயின் பிள்ளைகள். தாய் ஜே.எச். ஹேல் என்ற ரகம். தந்தைகள்தான் வேறு, ஒருவருக்கு சவுத் ஹேவன், மற்றவருக்குக் கலமஸூ. ஜே.எச். ஹேலைத் தந்தையாக வைத்திருக்கவே முடியாது, ஏனென்றால் அதன் மகரந்தம் மலடு. 1912இல் சந்தைக்கு வந்த அந்த ரகம் பெரிய பழமும் கெட்டிச் சதையுமாகப் பேர் வாங்கியது. ஆனால் பக்கத்தில் வேறு பீச் மரம் இல்லையென்றால் காய்க்காது. ஹேலின் கெட்டித்தன்மையை வாங்கிக்கொண்ட ரெட்ஹேவன், மலட்டுத்தன்மையை மட்டும் வாங்கவில்லை. தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும், தனி மரமே போதும். ‘மகரந்தத்துக்கு இன்னொரு மரமும் சேர்த்து வாங்குங்கள்’ என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய விற்பனைக்கு நல்லது, உங்கள் மரத்துக்குத் தேவையில்லை.

ஹேலுக்கும் மேலே போனால், அது எல்பர்ட்டாவின் விதையில் முளைத்தது என்று கருதுகிறார்கள். எல்பர்ட்டா ஜார்ஜியா மாநிலத்தில் மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ஃப் 1870இல் ஊன்றிய சைனீஸ் க்ளிங் ரகக் கொட்டையிலிருந்து வந்தது. தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார். சைனீஸ் க்ளிங் 1850இல் ஷாங்காயிலிருந்து கப்பலேறி வந்த ரகம். பீச்சின் அறிவியல் பெயரில் பாரசீகம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதன் பிறந்தகம் சீனாதான்.

எல்பர்ட்டா காலத்துப் பீச்சுகள் மஞ்சள் உடம்பில் ஒரு கன்னம் மட்டும் சிவந்தவை. சந்தையில் முழுக்கச் சிவந்த பழம்தான் விலைபோகும் என்ற நிலையை உண்டாக்கியதில் ரெட்ஹேவனுக்குப் பெரிய பங்கு உண்டு. வியாபாரிக்கு அது வரம். வீட்டுத் தோட்டக்காரருக்கு அதுவே பொறி. அதைப் பின்னால் பார்ப்போம்.

வைக்கலாமா, கூடாதா

முதலில் குளிர்க் கணக்கு. பீச் மரம் குளிர்காலத்தில் உறங்கும். அந்த உறக்கம் கலைய, 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் அளவு உண்டு. ரெட்ஹேவனுக்கு அது ஏறத்தாழ 850 முதல் 950 மணி நேரம். இதில் பாதிதான் உங்கள் ஊரில் கிடைக்கிறது என்றால் மரம் சாகாது, பழிவாங்கும். இலை மொட்டு தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக விரியும். கிளையின் நடுப்பகுதி மொட்டையாக நிற்கும். பூக்கள் வாரக்கணக்கில் துளித்துளியாக வந்து, பாதி பிஞ்சாகாமல் உதிரும். ‘மூன்று வருடமாகிறது, காய்க்கவே இல்லை’ என்ற புலம்பலுக்கு உரத்தில் மருந்து இல்லை. ரகத்தை மாற்றுவதுதான் வழி. மிதமான குளிர்காலம் உள்ளவர்கள் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் தந்த ஃப்ளோரிடாபிரின்ஸ் போன்ற, 150 மணி நேரக் குளிரே போதுமென்கிற ரகங்களின் பக்கம் போவது நல்லது.

எதிர்ப்பக்கம், கடுங்குளிரில் ரெட்ஹேவனின் பூ மொட்டுகள் பல வணிக ரகங்களைவிட உறுதியாகத் தாங்கும். ஆனாலும் பீச் பீச்தான். வெப்பம் மைனஸ் 23 டிகிரிக்குக் கீழே போனால் மொட்டுகள் கருகத் தொடங்கும். முழுப் பூப்பு நேரத்தில் மைனஸ் 2.8 டிகிரி அரை மணி நேரம் நீடித்தால் பத்தில் ஒரு பூ போகும்; மைனஸ் 4.4 டிகிரி என்றால் பத்தில் ஒன்பது போகும். இடைவெளி ஒன்றரை டிகிரிதான். அதனால் குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்தில் வைக்காமல், சரிவின் மேல்பகுதியில் வைப்பது பெரிய மருந்து.

அடுத்தது வடிகால். பீச்சின் வேர் நின்ற தண்ணீரில் மூச்சடைத்துச் சாகும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம். அல்லது மண்ணை மேடாக்கி அதன் மேல் நடுங்கள். பழைய பீச் மரத்தைப் பிடுங்கிய குழியிலேயே புதுக்கன்று வைப்பதும் பிழை. கன்று வைத்த உயரத்திலேயே நிற்கும், காரணம் பிடிபடாது.

கன்று வாங்கும்போது

அட்டையில் ‘ரெட்ஹேவன்’ என்று மட்டும் போட்டிருந்தால் தகவல் பாதிதான். மேலே ஒட்டுப் போட்டிருப்பது ரெட்ஹேவன். கீழே வேர் தரும் செடி, அதாவது வேர்ச்செடி, எது? அதைக் கேட்டே ஆக வேண்டும். லோவெல், ஹால்ஃபோர்ட் இரண்டும் பொதுவான மண்ணுக்கு ஏற்ற பீச் வேர்ச்செடிகள். பெய்லி குளிர் அதிகமான இடத்துக்கு. வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் மணல் மண்ணுக்கு நெமாகார்ட், ஆனால் அது குளிர் தாங்காது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை வெளுக்கும் சிக்கலுக்கு ஜிஎஃப் 677 என்ற பீச்–பாதாம் கலப்பு. கொஞ்சம் ஈரம் தங்கும் கனமான மண்ணில் செயின்ட் ஜூலியன் ஏ என்ற பிளம் வேர். அது அடியிலிருந்து பக்கக்கன்று தள்ளிக்கொண்டே இருக்கும், பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேர்ச்செடியின் பெயர் தெரியாத நர்சரி என்றால் வேறு நர்சரி பார்க்கலாம். ‘குட்டை ரெட்ஹேவன்’ என்று விற்றால் இரண்டாம் முறை யோசியுங்கள்: ஆப்பிளுக்கு இருப்பதுபோல நம்பகமான குட்டை வேர்ச்செடி பீச்சுக்கு இல்லை. மரத்தைச் சிறியதாக வைத்திருப்பது கத்தரிக்கோலின் வேலை.

பெரிய கன்றுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. சுண்டுவிரல் பருமனில் ஒரு வயதுக் கன்று போதும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் நிற்கும்படி நடுங்கள். குழிக்குள் உரம் போடாதீர்கள். இளம் வேர் கருகும்.

நட்ட கையோடு தண்டை 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். நெஞ்சளவு உயரம் காசு கொடுத்து வாங்கிய கன்றைப் பாதியாக வெட்டப் பலருக்கு மனம் வராது. வெட்டாமல் விட்டவர்களின் மரத்தைப் பாருங்கள்: கீழே வெறும் கம்பம், தலைக்கு மேலே ஒரு குடை, பழமெல்லாம் ஏணிக்கு. வெட்டிய கன்றில் கோடையில் வரும் தளிர்களில் நாலா பக்கமும் பரவிய 3 அல்லது 4 கிளைகளை மட்டும் விட்டு, நடுவைத் திறந்து வைத்தால் கிண்ணம் போன்ற வடிவம் வரும். வெயில் உள்ளே விழ வேண்டும். நிழலில் இருக்கும் கிளை பீச்சில் செத்துப்போகும்.

கவாத்து

பீச் போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும். காய்த்த இடத்தில் மறுபடி காய்க்காது. அதனால் ஆண்டுதோறும் பழைய குச்சியை வெட்டிப் புதுக்குச்சி வரவழைக்க வேண்டும், அதுதான் கவாத்து. வளர்ந்த மரத்தில் ஒவ்வொரு வருடமும் ஐந்தில் இரண்டு பங்கு குச்சியை எடுத்துவிடலாம், பயப்பட வேண்டாம். வைக்க வேண்டியது எது என்றால், பென்சில் பருமன், 30 முதல் 45 செ.மீ. நீளம், வெயில்பட்ட பக்கம் செம்மை ஏறிய தோல், ஒரு கணுவில் மூன்று மொட்டு: நடுவில் ஒல்லியாக இலை மொட்டு, இரு பக்கமும் உருண்டையாகப் பூ மொட்டு. இந்த மூன்று மொட்டுக் கணுக்கள் நிறைந்த குச்சிதான் நல்ல பழம் தரும். துடைப்பக் குச்சி போன்ற மெல்லிய குச்சியில் பூக்கும், பழம் சுண்டைக்காயாக நிற்கும்.

நேரம் முக்கியம். இலையுதிர் காலத்திலும் நடுக் குளிரிலும் வெட்டினால் காயம் ஆறாது. சொறி நோய்ப் பூஞ்சை அந்த வழியாக உள்ளே போகும், குளிர் தாங்கும் திறனும் குறையும். மொட்டு வீங்கத் தொடங்கியதிலிருந்து பூ விரியும்வரை வெட்டுவது பாதுகாப்பு. எந்த மொட்டு உயிரோடிருக்கிறது என்பதும் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

உரத்துக்குத் தனி அத்தியாயம் தேவையில்லை, அளவைக் குச்சியே சொல்லும். காய்க்கும் மரத்தில் ஆண்டு வளர்ச்சி ஒரு முழத்துக்குக் குறைந்தால் தழைச்சத்து போதவில்லை. இரண்டு முழத்தைத் தாண்டினால் அதிகம், நிறமும் கெடும். கோடை பாதியான பிறகு தழைச்சத்து வேண்டவே வேண்டாம்.

பிஞ்சு களைதல்

ரெட்ஹேவனின் முதல் குறை இங்கே. உறைபனி இல்லாத ஆண்டில் ஒரு கிளையில் மணிமாலை கோத்ததுபோல் பிஞ்சு பிடிக்கும். பார்க்க அழகு. அப்படியே விட்டால் எலுமிச்சை அளவில், கொட்டை பாதி தோல் பாதியாகப் பழுக்கும், கிளை பிளக்கும், மறுவருடப் பூவும் குறையும். பிஞ்சு உதிர்த்துக்கொள்ளும் வேலையை ஓரளவு மரமே செய்யும் என்றாலும், மீதியை நாம்தான் செய்ய வேண்டும்.

கணக்கு: ஒரு பழத்துக்கும் அடுத்ததற்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி, அதாவது விரித்த கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை. ஒரு பழத்தை நிரப்ப 30 முதல் 40 இலை உழைக்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பின்னாலிருக்கும் நியாயம். முழங்கை நீளக் குச்சியில் இருபது பிஞ்சு இருந்தால் மூன்றை விட்டுப் பதினேழைக் கிள்ள வேண்டும். ஆமாம், பதினேழு. தரையெல்லாம் பச்சையாகக் கிடக்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்தில் ‘இன்னும் நாலு இருக்கட்டுமே’ என்று விட்டவர்கள்தான் ஜாம் காய்ச்சவும் ஆகாத பழத்தைப் பறிக்கிறார்கள்.

எப்போது? பூ உதிர்ந்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், பிஞ்சு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது. மிக முன்னதாகக் களைந்தால் எது நிற்கும் எது உதிரும் என்று தெரியாது. மீந்த பிஞ்சுகள் ஒரேயடியாக ஊதி உள்ளே கொட்டை பிளந்துகொள்ளும் அபாயமும் உண்டு. கொட்டை பிளந்த பழத்தைக் காம்புப் பக்கம் ஒரு சிறு பொந்தாகக் காணலாம். எறும்பும் காதுப்பூச்சியும் அதற்குள் குடியேறியிருக்கும். தாமதமாகக் களைந்தால் கொட்டைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் போய் முடிந்திருக்கும், பழம் பெருக்காது. நேரத்தைச் சோதிக்க ஒரு வழி: கிள்ளிய பிஞ்சில் ஒன்றைக் காம்புக்கு எதிர்முனையிலிருந்து கத்தியால் மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். கத்தி வெண்ணெயில் போவதுபோல் கொட்டைக்குள்ளும் போனால் காலம் இருக்கிறது. கொட்டையின் நுனியில் ‘நறுக்’கென்று தடுத்தால் கொட்டை இறுகத் தொடங்கிவிட்டது, இன்றே முடித்துவிடுங்கள்.

கிள்ளும்போது இழுக்கக் கூடாது. குச்சியை ஒரு கையால் பிடித்துப் பிஞ்சைப் பக்கவாட்டில் திருகினால் காம்போடு வந்துவிடும். இரட்டைப் பிஞ்சு, தழும்பு பட்டது, கிளையின் மேல்முதுகில் உட்கார்ந்திருப்பது ஆகியவை முதலில் போகட்டும். கிளையின் பக்கத்திலோ அடியிலோ தொங்குவது நிற்கட்டும். வளரும்போது கிளையில் உரசாது.

தண்ணீரைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. பழத்தின் எடையில் பெரும்பகுதி பறிப்புக்கு முந்தைய மூன்று நான்கு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த வாரங்களில் வேர்ப்பகுதி காயக் கூடாது. வாரக்கணக்கில் காயவிட்டு ஒரு நாள் ஏரி நிரப்புவதுபோல் ஊற்றினால் தோல் வெடிக்கும்.

பறிப்பு

பழுக்கும் காலம் மிச்சிகனில் பெரும்பாலும் ஆகஸ்டின் தொடக்க வாரங்கள். வேறு இடத்தில் கணக்கு மாறும். பூத்து மூன்றரை மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் பழுக்காது. நான்கைந்து நாள் இடைவெளி விட்டு மூன்று முறையாவது மரத்தைச் சுற்ற வேண்டும். மொத்தமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பறித்து முடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ரகம் ஒத்துவராது. வீட்டுத் தேவைக்கோ இதுவே வசதி; ஒரு மரம் இரண்டு வாரம் பழம் கொடுக்கும்.

இனி அந்தப் பொறி. பெரும்பாலான பழங்களில் செங்காய் என்றால் பழுக்கப்போகிறது என்று பொருள். ரெட்ஹேவனில் சிவப்பு என்பது வெயில்பட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. பறிப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தோலின் முக்கால் பாகம் சிவந்து நிற்கும், உள்ளே பச்சைக் காய். அந்த நிலையில் பறித்தால் கூடையில் மெத்தென்றாகும், ஆனால் இனிக்காது. பறித்த பிறகு பீச்சில் சர்க்கரை ஏறுவதில்லை. மாங்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைத்தால் இனிக்கிறதே என்றால், மாங்காயில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, பழுக்கும்போது அது சர்க்கரையாகிறது. பீச்சுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. முற்றாமல் பறித்தது வெம்பி, சுருங்கி, தோல்போல் ஆகும்.

பார்க்க வேண்டியது சிவப்புக்கு அடியில் இருக்கும் தரை நிறத்தை. பழத்தைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு இடத்தில் சிவப்பு ஏறியிருக்காது: இலை மூடிய நிழல் பக்கம், காம்புக் குழியைச் சுற்றிய வளையம். அங்கே இலைப்பச்சை தெரிந்தால் கையெடுங்கள். பச்சை விலகி வெளிர் மஞ்சளானால் முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பழுக்கவிடப் பறிக்கலாம். பொன் மஞ்சளானால் மரத்திலேயே பழுத்தது. உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் திருகினால் தானாக வரும். இழுக்க வேண்டியிருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். விரல் நுனியால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், ஒவ்வோர் அழுத்தலும் மறுநாள் பழுப்பு வட்டமாகும்.

பழம் எப்படி

நடுத்தர அளவு. ஒழுங்காகப் பிஞ்சு களைந்த மரத்தில் 6 முதல் 7 செ.மீ. குறுக்களவு, மாட்டுத் தலை போன்ற பழம் தேடுபவர்கள் வேறு ரகம் பார்க்கலாம். தோலில் சுணை மிகக் குறைவு. பீச்சின் சுணை உதட்டில் அரிக்கிறது என்று ஒதுங்குபவர்கள் இதைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அப்படியே கடிக்கலாம். சதை மஞ்சள், கொட்டையைச் சுற்றி ரத்தச் சிவப்பாக ஒரு கதிர்வட்டம். இழைநார் குறைவு. கெட்டியாகத் தொடங்கி வழுவழுப்பாக உருகும் சதை. இனிப்போடு புளிப்பு கூடவே வரும். வெள்ளைச் சதைப் பீச்சின் வெறும் இனிப்புக்குப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புளிப்பாகத் தோன்றும். வாசனை நன்றாக இருக்கும், ஆனால் மரத்தில் பழுத்த பிந்தைய ரகங்களில் சில இதை வாசனையில் வெல்லும்.

‘கொட்டை ஒட்டாத ரகம்’ என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். பாதி உண்மை. பழத்தின் பள்ளக்கோட்டின் வழியே சுற்றி வெட்டி, இரு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள். நன்றாகப் பழுத்தது என்றால் ‘சளக்’கென்று பிரியும், கொட்டை ஒரு பாதியில் உட்கார்ந்திருக்கும், நகத்தால் நெம்பினால் வரும். ஒரு நாள் முந்திவிட்டால் பாதிகள் திரும்பவே மறுக்கும். பிடித்துத் திருகினால் கொட்டையோடு சதை பிய்ந்து, கையெல்லாம் சாறு. அப்படிப்பட்ட பழத்தைப் போராடிப் பிரிக்காமல் கொட்டையைச் சுற்றித் துண்டுகளாகச் செதுக்கி எடுப்பதே புத்தி. வறட்சியில் வளர்ந்த பழங்களும் பருவத்தின் முதல் பறிப்பும் அதிகம் ஒட்டிக்கொள்ளும்.

இதன் பெரிய பலம் வெட்டிவைத்தாலும் சீக்கிரம் கறுக்காதது. நறுக்கிய துண்டுகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டு மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் மஞ்சள் மங்காமல் இருக்கும். மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தெளித்தால் இன்னும் நல்லது. தோலுரிக்க, கொதிநீரில் முக்கால் நிமிடம் போட்டுப் பனிநீருக்கு மாற்றுங்கள். பழுத்ததற்குத் தோல் சட்டைபோல் கழன்று வரும். வராவிட்டால் பழம் முற்றவில்லை, இன்னும் கொதிக்கவைப்பதால் பயனில்லை. பாகில் போட்டுப் புட்டியில் அடைப்பதற்கும் நல்ல பழம்தான், கொட்டைப் பக்கச் சிவப்பு நாளடைவில் பழுப்பாவது மட்டும் கண்ணுக்கு உறுத்தும்.

வைப்பதில் பலர் செய்யும் தவறு, முற்றிய காயை நேரே ஃபிரிட்ஜில் வைப்பது. 2 முதல் 8 டிகிரி வரையிலான இடைநிலைக் குளிர் பீச்சுக்கு எமன். வீட்டு ஃபிரிட்ஜ் சரியாக அதே அளவில்தான் ஓடுகிறது. சில நாளில் சாறு வற்றி, சதை மாவு மாவாகி, கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறும். முதலில் அறை வெப்பத்தில், ஒன்றின்மேல் ஒன்று படாமல், காம்புப் பக்கம் கீழாக வைத்துப் பழுக்கவிடுங்கள். பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும்.

நோயும் பூச்சியும்

இலைச்சுருட்டை பீச்சின் பரம்பரைச் சாபம். வசந்தத்தில் இலை தடித்து, சுருண்டு, சிவப்புக் கொப்புளமாகி உதிரும். ரெட்ஹேவனும் அதன் வழி வந்த பல ரகங்களும் இதை ஓரளவு தாங்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ரெட்ஸ்கின் என்ற ரகத்தின் வழி வந்தவை எளிதில் விழும். தாங்கும் என்பதற்கு வராது என்று பொருளில்லை. குளிர்ந்த மழை வசந்தத்தில் வரத்தான் செய்யும். தாமிர மருந்து ஒரே ஒரு தெளிப்பு, இலை உதிர்ந்த பிறகு அல்லது மொட்டு வீங்குவதற்கு முன், குச்சி ஒவ்வொன்றும் நனையும்படி. இலை சுருண்டதைப் பார்த்த பிறகு தெளிப்பது மருந்துக்கும் காசுக்கும் கேடு.

பாக்டீரியா புள்ளி நோய்க்கு நடுத்தர எதிர்ப்பு உண்டு. பழுப்பு அழுகலுக்கு எதிர்ப்பு என்று எதுவும் கிடையாது: பறிப்பு வாரத்தில் மழை பிடித்தால் ஒரு பழத்தில் காசு அளவு பழுப்புப் புள்ளி, இரண்டு நாளில் சாம்பல் நிறப் பொடி, அதைத் தொட்ட அடுத்த பழமும் காலி. அழுகியதை உடனே அப்புறப்படுத்துங்கள். முக்கியமாக, மரத்திலேயே காய்ந்து தொங்கும் கருகிய பழங்களைக் குளிர்காலத்தில் ஒன்று விடாமல் எடுங்கள். அடுத்த ஆண்டு நோய் அங்கிருந்துதான் கிளம்பும். பழங்கள் ஒன்றையொன்று தொடாதபடி பிஞ்சு களைந்திருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்தது.

அடித்தண்டில் பிசின் வழிந்தால் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தேன் போல் இருந்தால் அது காயத்தாலோ மரத்தின் பொதுவான வாட்டத்தாலோ வருவது. அந்தப் பிசினில் மரத்தூளும் எச்சமும் கலந்து தரையை ஒட்டி இருந்தால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. கம்பியைத் துளையில் விட்டுப் புழுவைக் குத்தி எடுப்பது பழைய வைத்தியம், இளங்கன்றில் இன்றும் பலிக்கும். மண்ணை மூடப் போடும் தழை, சருகு போன்ற மூடாக்கைத் தண்டோடு சேர்த்துக் குவித்து வைப்பது அந்தப் பூச்சிக்கும் எலிக்கும் விருந்து; ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

ஆயுள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து ஆண்டு. நட்ட மூன்றாம் ஆண்டு ருசி பார்க்கலாம், ஐந்தாம் ஆண்டிலிருந்து கூடை தேவைப்படும். பத்தாம் ஆண்டிலேயே வேறு இடத்தில் அடுத்த கன்றை ஊன்றிவிடுவது முன்யோசனை.

யாருக்கு இது, யாருக்கு வேறு

குளிர் 900 மணி நேரம் கிடைக்கிற, வடிகால் உள்ள, ஒரு மரத்துக்கு மட்டும் இடமுள்ள வீடு என்றால் ரெட்ஹேவனே முதல் தேர்வு. மைனஸ் 25க்குக் கீழே அடிக்கடி போகும் இடத்தில் நியூ ஹாம்ப்ஷயர் தந்த ரிலையன்ஸ் பிழைக்கும். சுவையில் ஒரு படி கீழே என்பதை ஒப்புக்கொண்டு வையுங்கள். பின்பனி அடிக்கடி பூவைக் கருக்கும் இடமென்றால் வட கரோலினாவின் கன்டெண்டர் தாமதமாகப் பூத்துத் தப்பும். புட்டியில் அடைப்பதே முதல் நோக்கம் என்றால் அதே சவுத் ஹேவன் பண்ணையின் கிரெஸ்ட்ஹேவன்: ரெட்ஹேவனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தி வரும், கொட்டை சுத்தமாகப் பிரியும், சதை இன்னும் கெட்டி. இரண்டு மரத்துக்கு இடமிருந்தால் ரெட்ஹேவனும் கிரெஸ்ட்ஹேவனும் நல்ல ஜோடி.

முன்னதாகவே பழம் வேண்டும் என்பவர்களுக்குக் கார்னெட் பியூட்டி உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ரெட்ஹேவன் மரத்தின் கிளையில் தானாகத் தோன்றிய மாற்றம் அது. பத்து நாள் போல முந்தும். கொட்டையை ரெட்ஹேவனைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தாயைப் போல் அதுவும் சிவப்பில் முந்திக்கொள்ளும், ஆகவே அதற்கும் காம்புக் குழியைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.